இரண்டாம் சாவியை விட்டுக்கொடுக்காத ரஹமத்துல்லா பாய்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஆட்டோ சிக்னலுக்கு நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மடியில் மீன் குழம்புத் தூக்கு. போனில் சேகர், எங்கள் ஊராட்சிச் செயலர். "அம்மா, பாய் போயிட்டாரும்மா" என்றார். எங்கள் ஊரில் பாய் என்றால் ஒருவரா? டெய்லர் பாய் இருக்கிறார், பிரியாணி பாய் இருக்கிறார், பழைய இரும்பு பாய் இருக்கிறார். ஆனால் சேகர் எந்த அடைமொழியும் சேர்க்காமல் பாய் என்று சொன்னால் அது ஒருவர்தான். "எப்போ?" என்று கேட்டேன். "காலைல. ஆஸ்பத்திரிலயே" என்றார். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன் அலறுகிறது. ஆட்டோக்காரரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். "இன்னாம்மா நீ, வேளச்சேரி ரோடுன்னுதான ஏறுன?" என்று சலித்துக்கொண்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பினார்.

ரஹமத்துல்லா பாயை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படப்பைக் கடைத்தெருவில் பூட்டு, பைப்பு, ஆணி, பெயிண்ட் விற்கும் கடை வைத்திருந்தவர். தாம்பரத்திலிருந்து படப்பை போகும் சாலையில், சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊராட்சியின் துணைத் தலைவராக இருந்தவர். நான் தலைவர். ஊரறிந்த விஷயத்தை மறைப்பானேன்? நாங்கள் இருவரும் எதிரெதிர் அணி. என் பதவிக் காலம் முழுக்க என்னை அதிகம் எதிர்த்தவர் அவர்தான். அவரைப் பற்றி அஞ்சலி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று நான் நினைப்பதற்கும் அதுவே காரணம்.

தலைவர் நாற்காலி மீது அவருக்குப் பல ஆண்டுக் கண். ஊருக்குள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு, எதற்கும் முதல் ஆளாக நிற்பவர். அவர் நிற்கலாம் என்று முடிவெடுத்த முறை பார்த்து, எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கீடாகிவிட்டது. தாம்பரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சர்ச் பெண்கள் சங்கத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நான் நின்றேன். அவர் வேறொரு அம்மாவுக்கு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். அந்த அம்மா தோற்றார். இவர் தம் வார்டில் வென்றார், உறுப்பினர்கள் சேர்ந்து துணைத் தலைவராக்கினார்கள். பதவியேற்ற அன்று என்னிடம் வந்து, "ஜெயிச்சுட்டீங்க, வாழ்த்துகள். நான் உங்களுக்கு எதிரா வேலை செஞ்சேன். இனிமேயும் கேள்வி கேட்டுகினேதான் இருப்பேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். வாழ்த்தா மிரட்டலா என்று புரியாமல் லட்டை அவர் கையில் வைத்தேன்.

எங்கள் ஊராட்சியில் பணம் எதற்குப் போனாலும் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். முன்பு காசோலையில் இரண்டு கையெழுத்து. இப்போது ஆளுக்கொரு மின்னணுச் சாவி, பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். இரண்டையும் கணினியில் சொருகி, இருவரும் தத்தம் ரகசிய எண்ணை அடித்தால்தான் வேலை நடக்கும். சட்டம் அப்படி. வழக்கம் வேறு. சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில் இரண்டு சாவியும் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டர் மேசை டிராயரில் கிடக்கும். ரகசிய எண்ணைப் பிளாஸ்திரியில் எழுதி, சாவி மேலேயே ஒட்டியிருப்பார்கள். கேட்டால், "வயசானவங்க, வேலைக்குப் போறவங்க, எத்தனை வாட்டி அலைவாங்க?" என்பார்கள்.

எங்கள் சேகரும் முதல் மாதமே அதைத்தான் சொன்னார். "பாய், சாவிய இங்கயே வெச்சுட்டுப் போங்க. கடைய விட்டுட்டு எதுக்கு வீணா அலையறீங்க?"

"அலையறதுக்குத்தாம்பா ஓட்டுப் போட்டுக்கீறாங்க" என்றார் பாய்.

எனக்கு எரிச்சல். "ஒரு தெருவிளக்கு மாத்தறதுக்கு நீங்க படப்பைலேர்ந்து வந்து சொருகணுமா? ஊர் இருட்டுல கிடக்கும் பாய்" என்றேன். அவர் தம் சாவியைச் சட்டை உள்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். "மா, நான் பூட்டு விக்கிறவன். ரெண்டு சாவி போட்டாத்தான் தொறக்கும்னு ஒரு பூட்டு செஞ்சா, ரெண்டு பேரும் வரணும்னுதான் செஞ்சான். ரெண்டையும் ஒரே ஆணில மாட்டி வெச்சா அது இன்னா பூட்டு? உங்களுதையும் பத்திரமா வெச்சுக்குங்க. நான் ஒரு நாள் திருடனா மாறிட்டேன்னா என்னத் தடுக்கறதுக்கு உங்ககிட்ட அது ஒண்ணுதான் கீது" என்றார். தன்னையே சந்தேகப்படச் சொன்ன அரசியல்வாதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் சாவியையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கூட்டங்களிலும் அப்படித்தான். முன்பெல்லாம் போண்டா வரும், டீ வரும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், தீர்மானம் என்னவென்று செயலர் சாவகாசமாக எழுதிக்கொள்வார். பாய் வந்த பிறகு தீர்மானத்தை உரக்கப் படித்து முடிக்கும் வரை போண்டாத் தட்டு வராந்தாவிலேயே நிற்கும். சின்ன விஷயத்துக்கும் கையைத் தூக்குவார். "எதிர்ப்பு. இன்னா காரணம்னும் சேர்த்து எழுதிக்கப்பா சேகர்." தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே தூக்குவார். தோற்றதும் சிரித்துக்கொண்டே போண்டா எடுப்பார். பிறகு தாம் எதிர்த்த அதே வேலைக்கு மறுநாள் நேரத்துக்கு வந்து சாவியைச் சொருகுவார். இதைச் சொல்லியே ஆக வேண்டும். சாவியை வைத்துக்கொண்டு பேரம் பேசும் துணைத் தலைவர்களை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாய் ஒரு நாளும் அதைச் செய்யவில்லை. மன்றம் முடிவு செய்துவிட்டால் அது அவருடைய முடிவும்தான்.

இனி மழைக் கதைக்கு வருகிறேன். என் பதவி, என் மானம், ஒரு காலனியின் உயிர், மூன்றும் அதில்தான் இருந்தன.

எங்கள் ஏரி நிரம்பினால் உபரி நீர் போவதற்கு ஒரு கால்வாய் உண்டு. அதன் மறுகரையில் மனை போட்ட ஒருவர், தம் மனைக்கு வழி வேண்டும் என்று கால்வாயை மண்ணால் மூடிவிட்டார். புகார் எழுதினோம், பதில் இல்லை. ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. போக வழியில்லாத தண்ணீர் இந்தக் கரையில் இருக்கும் காலனிக்குள் திரும்பியது. காலையில் நான் போய்ப் பார்த்தபோது பெண்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், அடுப்பு மிதக்கிறது. எந்த அலுவலகத்துக்கு அடித்தாலும் போன் போகவில்லை. நான் ஒரு ஜேசிபியை வரவழைத்தேன். மனைக்காரரின் ஆட்கள் தடுத்தார்கள். "என்னத் தள்ளிட்டு அப்புறம் வண்டியத் தடுங்கடா" என்று அவர்களுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றேன். மண்ணை வெட்டியதும் தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடியது. மதியத்துக்குள் காலனி வடிந்தது. யாரோ எனக்கு மாலை போட்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

மாலையோடு நிற்கையில் பாய் வந்தார். மழைக்கோட்டு, முழங்கால் வரை சேறு. படப்பைப் பக்கம் சாலை துண்டிக்கப்பட்டதால் நடந்தே வந்திருக்கிறார். வடிந்த தெருவை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஊரைக் காப்பாத்திட்டீங்க. சந்தோஷம். யாரைக் கேட்டு காப்பாத்துனீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னும் கூட்டத்துக்கு ஆள் சேரல, கொஞ்சம் பொறுன்னு தண்ணிகிட்ட சொல்லியிருக்கணுமா பாய்?"

"அவசரத்துக்குத் தலைவர் தனியா செய்யலாம் மா, சட்டத்துலயே கீது. நான் வேணான்னு சொல்லல. ஆனா செஞ்சத அடுத்த கூட்டத்துல வந்து சொல்லணும். கூட்டத்தப் போடுங்க. போட்டாத்தான் இந்த வண்டி வாடகைக்கு என் சாவிய சொருகுவேன்."

நான் கூட்டம் போடவில்லை. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனைக்காரர் அதற்குள் உறுப்பினர்கள் வீட்டு வாசலில் தம் காரை நிறுத்தத் தொடங்கிவிட்டார். கூட்டம் போட்டால் நான் செய்தது தவறென்று தீர்மானம் போட்டு, கால்வாயை மறுபடி மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். அந்த நிலைமையில் இன்று இருந்தாலும் பயப்படுவேன். மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஆராதனை முடிந்து வந்த நேரம், பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "மா, உங்கள நீக்கணும்னு கலெக்டருக்கு மனு போவுது. நானும் கையெழுத்து போட்டுக்கீறேன். வேற எவனாவது வந்து சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடணும்னு வந்தேன்."

மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் போட்டால்தான் அந்த மனு செல்லும். இவர் கையெழுத்து இல்லாவிட்டால் எண்ணிக்கை சேர்ந்திருக்காது. "நாற்காலி ஆசை கண்ணை மறைக்குதா பாய்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கமிஷன் வாங்குனீங்க, அது இதுன்னு கண்டதெல்லாம் எழுதி வெச்சுருந்தானுங்க. அத்தினியும் அடிச்சாத்தான் போடுவேன்னேன். அடிச்சுட்டானுங்க. கூட்டம் கூட்டல. அந்த ஒண்ணுக்குத்தான் என் கையெழுத்து. அது நெசமா இல்லியா?" என்றார். "வெளியே போங்க" என்றேன். என் வீட்டுக்காரர் பாவம், ஒன்றும் தெரியாமல் டீயோடு வந்து நின்றார். பாய் அந்த டீயை வாங்கி நிதானமாகக் குடித்து, டம்ளரைத் திண்டில் வைத்து, "நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதன்பிறகு நான் அவருடன் பேசவில்லை. கலெக்டரிடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினேன். கூட்டமும் கூட்டினேன், இனி இழக்க என்ன இருக்கிறது என்ற வீம்பில். காலனி முழுக்க வந்து வராந்தாவிலும் ஜன்னலிலும் நின்றுவிட்டது. பாய் ஒரு வக்கீல் மாதிரி என்னைக் கேள்வி கேட்டார். எந்த நேரத்தில் யாருக்கு போன் அடித்தீர்கள், ஏன் துணைத் தலைவருக்கு அடிக்கவில்லை, வண்டிக்காரரை யார் பிடித்தது. நானும் கத்திக் கத்திப் பதில் சொன்னேன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கடைசியில், கால்வாயை மூடு என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு உறுப்பினருக்கும் தைரியம் இல்லை. ஜன்னலில் அத்தனை முகம் இருக்கும்போது எப்படி வரும்? நான் செய்த வேலைக்கு மன்றம் ஒப்புதல் தந்தது. மறுநாளே பாய் வந்து சாவியைச் சொருகினார். இதற்குத்தான் முதலிலேயே கூட்டம் போடச் சொன்னேன் என்று அவர் சொல்லிக் காட்டவில்லை என எழுத ஆசைதான். அதெல்லாம் இல்லை, நன்றாகச் சொல்லிக் காட்டினார்.

ஆனால் போன மனு போனதுதான். தாசில்தார் வந்து உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும் நாள் குறிக்கப்பட்டது. மேலே அந்தக் கருத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். நான் நீக்கப்பட்டால் பொறுப்பு துணைத் தலைவரிடம் போகும். மனைக்காரர் இவர் கடைக்கே வந்திருக்கிறார். அப்போது கல்லாவில் இருந்த அவருடைய மகன் அன்வர் பின்னாளில் எனக்குச் சொன்னது இது. "பாய், கையெழுத்தே போட்டுட்டீங்க, இனிமே இன்னா? ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கதான் தலைவர்" என்றாராம் அவர். பாய் எடுத்துக்கொண்டிருந்த பைப்பை அளந்து முடித்து, "ஒரு வார்த்தைதான? அங்க வந்து சொல்றேன்" என்றாராம். அந்தக் குடும்பத்துக்கே அது ஆம் என்றுதான் கேட்டது. இது எதுவும் அப்போது தெரியாத எனக்கும், அவர் நீக்கத்தான் சொல்வார் என்றே தோன்றியது. கூட்டத்துக்கு முதல் நாள் அலுவலகத்திலிருந்து என் குடை, என் பைபிள், என் தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் எடுத்து வந்துவிட்டேன்.

தாசில்தார் ஒரு இளம் பெண். நோட்டீசையும் என் பதிலையும் படித்துவிட்டு, "இதுல விவாதம் கிடையாது. அவங்கவங்க கருத்தை மட்டும் சொல்லுங்க" என்றார். வார்டு வரிசையில் எழுந்தார்கள். "நீக்கலாம்." "நீக்கலாம்." காலனியில் என்னோடு உட்கார்ந்து கூழ் குடித்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டு அதையே சொன்னார்கள். நான் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். பாயின் முறை வந்தது.

"எதிர்ப்பு" என்றார்.

தாசில்தார் காகிதத்தைப் புரட்டினார். "மனுவுல உங்க கையெழுத்து இருக்கே?"

"இருக்கு மேடம். அது கேள்வி கேக்கறதுக்குப் போட்டது. கேள்விக்குப் பதில் வந்துடுச்சு. நீக்கறதுக்கு எதிர்ப்பு."

"விவாதம் வேணாம்னு சொன்னேன்."

"விவாதம் இல்லீங்க மேடம். முடிச்சுட்டேன்" என்று உட்கார்ந்தார்.

அடுத்தவர் செல்வி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே உறுப்பினராக இருந்தவள். அவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களோ தெரியாது. எழுந்தாள், பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எதிர்ப்புங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். நீக்க வேண்டியதில்லை என்று பிறகு உத்தரவு வந்தது.

வெளியே டீக்கடையில் பாய் தனியாக நின்றிருந்தார். அவருடைய அணிக்காரர்கள் அவரை விட்டு விலகிப் போய்விட்டார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அட, கையக் கீழ போடுங்க. உங்களுக்கோசரம் இல்ல" என்றார். "உங்கள உக்கார வெச்சது ஊரு. நாங்க நாலு பேரு ஒரு ரூம்புல உக்காந்து எறக்கணும்னா, அதுக்குக் காரணம் கெட்டியா இருக்கணும். கேள்வி கேக்கற உரிமை வேற மா. அத்த விட மாட்டேன். எறக்கற உரிமை வேற." பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னது என் நெஞ்சிலேயே நிற்கிறது. "எனக்கு ஆசை இல்லேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. நல்லாவே இருந்துச்சு. உள்ள போற வரைக்கும் இருந்துச்சு."

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பட்டது கொஞ்சமல்ல. மனைக்காரரும் அவரைச் சேர்ந்த கட்டடக்காரர்களும் அவர் கடைப் பக்கமே வருவதை நிறுத்தினார்கள். அணியில் அவரைத் துரோகி என்றார்கள். ஜமாத்தில் ஒரு பெரியவர், "நம்ம ஆளு ஒருத்தர் தலைவரா வர்ற வாய்ப்பு வந்துச்சு, ஒதைச்சுத் தள்ளிட்டீங்களே" என்று வருத்தப்பட்டாராம். "வரணும் ஹாஜியார், ஓட்டு வாங்கித்தான் வரணும்" என்று இவர் சொன்னதாகக் கேள்வி.

சரி, இனி பாய் நம் பக்கம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நல்ல கூத்து! அடுத்த கூட்டத்தில், சர்ச் வாசலுக்கு ஒன்று, பள்ளிவாசல் வாசலுக்கு ஒன்று, கோயில் வாசலுக்கு ஒன்று என்று உயர்கோபுர விளக்குக்குத் தீர்மானம் கொண்டுவந்தேன். யாரும் குறை சொல்ல முடியாத தீர்மானம் என்று எனக்கு ஒரே பெருமை. கை எழுந்தது. "எதிர்ப்பு. மூணு எடத்துலயும் ஏற்கெனவே வெளிச்சம் கீது. செல்வி ஷிப்டு முடிச்சு வர்ற சந்துல ஒரு பல்பு கூட இல்ல." நான் கடுப்பில், "உங்க பள்ளிவாசலுக்கும்தானே பாய் போடறோம்!" என்றேன். "பள்ளிவாசலுக்கு வெளக்கு வாங்க ஜமாத்து கீது. சந்துக்கு யாரு கீறா?" என்றார். அன்று நான் தோற்றேன். சந்தில் விளக்கு வந்தது. செல்வி ஒரு வாரம் எங்கள் இருவருக்கும் வாழைப்பூ வடை கொண்டுவந்து தந்தாள். அந்தத் தோல்வி எனக்கு ருசியாகவே இருந்தது.

எங்கள் பதவிக் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரும் வரை தனி அலுவலர் ஒருவர் பொறுப்பு. சாவிகளை ஒப்படைக்கப் போன அன்று பாய் தம்முடையதைத் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு அவருக்கு உடம்பு சரியில்லை. சிறுநீரகம். தாம்பரம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். நான் பார்க்கப் போனால், "வாங்க மாஜி" என்று கிண்டல் செய்வார். "நீங்களும் மாஜிதான் பாய்" என்பேன். கடைசி முறை போனபோது பேச்சு சாவிக்கு வந்தது. புது அலுவலர் நல்லவர், கூப்பிட்ட குரலுக்கு வருகிறார், வேலை முன்பைவிட வேகமாக நடக்கிறது, சண்டை சச்சரவு இல்லை என்று நான் சொன்னேன். அவர் நோயிலும் எழுந்து உட்கார்ந்தார்.

"நல்லவருதான் மா. அதுதான் பேஜாரு. நல்லவர் கைல மொத்தத்தையும் குடுத்துப் பழகிட்டோம்னா, அப்புறம் யார் கைல குடுக்கறோம்னே பாக்க மாட்டோம். சண்டை இல்லன்றீங்க. சண்டை போட ஆளு இல்ல, அவ்ளோதான்." மூச்சு வாங்கியது. அவருடைய மனைவி நூர்ஜஹான் அக்கா, "இவரு இப்பிடித்தான், டாக்டர்கிட்டயும் எதிர்ப்பு சொல்லிகினு கெடக்காரு" என்று தண்ணீர் கொடுத்தார். மூவரும் சிரித்தோம். நான் அவரை உயிரோடு பார்த்தது அதுதான்.

அடக்கத்துக்குப் பெண்கள் உள்ளே போவதில்லை. நான் கபரஸ்தான் மதிலுக்கு வெளியே சாலையோரம் நின்றேன். செல்வி நின்றாள், காலனிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "நீக்கலாம்" என்று சொன்ன உறுப்பினர்கள்கூட ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு சமுதாயக் கூடத்தில் இரங்கல் கூட்டம். தலைமை தாங்க என்னையே உட்கார வைத்தார்கள். பேசினோம், அழுதோம். கால்வாய்க் கரைச் சாலைக்குப் பாயின் பெயரை வைக்க வேண்டும், தனி அலுவலரிடம் சொன்னால் அவர் ஒருவரே கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார் என்று யாரோ சொன்னார்கள். கைத்தட்டல். நான் எழுந்து அதையே தீர்மானமாகப் படித்தேன். முன்வரிசையில் அன்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. சேகர் பேனாவோடு காத்திருந்தார். எத்தனையோ கூட்டம் நடத்திய பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எதிர்ப்பு யாராவது?"

ஒருவரும் இல்லை. கூடம் நிறைய ஆட்கள், ஒரு கை இல்லை. ஐந்து ஆண்டில் நான் கொண்டுவந்த எந்தத் தீர்மானத்துக்கும் இப்படி நடந்ததில்லை. அப்போதுதான், செய்தி வந்த அன்றுகூட இறங்காத ஒன்று எனக்குள் இறங்கியது. பாய் இல்லை. இனி நான் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்கள். தப்பாகச் சொன்னாலும் ஆட்டுவார்கள்.

நானே கையைத் தூக்கினேன்.

"அம்மா, நீங்கதானம்மா கொண்டுவந்தீங்க?" என்று சேகர் முழித்தார்.

"எதிர்ப்புன்னு எழுது சேகர். காரணமும் சேர்த்து எழுது. ஒருத்தர் கையெழுத்துல ஊர் ரோட்டுக்குப் பேர் வைக்கக் கூடாது. தேர்தல் வரட்டும், புது மன்றம் உட்காரட்டும், கிராம சபையில கேட்டு வைக்கட்டும். அது வரைக்கும் அது கால்வாய் ரோடுதான்" என்றேன். கூடத்தில் சலசலப்பு. அன்வர் எழுந்து நின்றார். கோபித்துக்கொள்வாரோ என்று பார்த்தேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார், பிறகு மெல்லத் தம் கையையும் தூக்கினார். செல்வி தூக்கினாள்.

பாய், உங்கள் பெயரை நாங்கள் இன்னும் எங்கும் வைக்கவில்லை. சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள்.